பிளாஸ்டிக் இறாலுக்கு மயங்கும் மீன்கள்... புழு இல்லாமல் தூண்டில் போடும் ஃப்ளோரிடா ஸ்டைல்!

தூண்டில் என்றதும் நமக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? மூங்கில் கம்பு, நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் கோத்த மண்புழு. ஏரிக்கரையில் உட்கார்ந்து, தக்கை எப்போ முங்கும்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். மீனைக் கூப்பிடுற வேலை முழுக்க புழுவோடது. நம்ம வேலை, பொறுமையா காத்திருக்கிறது மட்டும்தான்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தென்கோடியில் இந்தக் கதை அப்படியே உல்டா. உயிருள்ள இரை போடுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால், அந்த இடத்துக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது வேறொரு முறை. விரல் நீள பிளாஸ்டிக் மீன், மினுமினுக்கும் தகடு, ரப்பர் இறால்... இவைதான் இரை. இதற்குப் பெயர் லூர் ஃபிஷிங். சும்மா காத்திருந்தால் இதில் ஒரு மீனும் வராது. மீன் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், இப்போ அதுக்கு என்ன பசி என்றெல்லாம் யோசிக்க வேண்டும். பிறகு அதன் முகத்துக்கு முன்னால் ஒரு பொய்யை வீசி, அந்தப் பொய்க்கு உயிர் இருப்பதுபோல நடிக்கவைக்க வேண்டும்.

அதைவிட ஆச்சர்யம் என்ன தெரியுமா? இவ்வளவு மெனக்கெட்டுப் பிடித்த மீனை, பெரும்பாலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். 'அப்புறம் எதுக்குடா அவ்ளோ தூரம் போய்ப் பிடிக்கணும்?' என்று நம் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரிய, அந்தத் தண்ணிக்குள்ள நாமும் கொஞ்சம் இறங்கிப் பார்க்கணும்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு கடல்

மேப்பில் மயாமி நகரத்துக்குக் கீழே பாருங்க. நிலம் முடிந்ததும் ஃப்ளோரிடா கீஸ் என்ற தீவு வரிசை வில் மாதிரி வளைந்து போகும். நிலத்துக்கும் அந்தத் தீவுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கடல்தான் ஃப்ளோரிடா வளைகுடா. பரப்பு சுமார் 2,200 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம்? வெறும் 1 மீட்டர்தான்! சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்கு பரப்பில், இடுப்பளவு தண்ணீர் மட்டுமே நிற்கும் ஒரு கடலைக் கற்பனை செய்துபாருங்கள்.

அடியில் புல்வெளி போல கடற்புல் படர்ந்திருக்கும். நடுநடுவே வரும் சேற்றுத் திட்டுகள், வளைகுடாவைத் தனித்தனிக் குளங்களாகப் பாத்தி கட்டி வைத்திருக்கும். அங்கங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்த குட்டித் தீவுகள். வடமேற்கே போனால் ஒயிட்வாட்டர் பே, டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் என்று ஓடைகளும் தீவுகளுமாக ஒரு பெரிய புதிர். இதில் பெரும்பகுதி 1947-ல் திறக்கப்பட்ட எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து ஃபிளமிங்கோ வரை 99 மைல் நீளத்துக்கு ஒரு நீர்வழி உண்டு. வழியில் கடை இல்லை. பல இடங்களில் மொபைல் சிக்னலும் இல்லை.

இந்தப் பகுதியைத்தான் அங்கே 'பேக்கன்ட்ரி' என்கிறார்கள். நம்ம பாஷையில் 'உள்காயல்' என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஓர் இடத்துக்குப் பெயரே 'ஹெல்ஸ் பே'. அதாவது, நரக விரிகுடா. உள்ளே போறதும் கஷ்டம், வழி கண்டுபிடிச்சு வெளியே வர்றது அதைவிடக் கஷ்டம் என்பதால் அந்தப் பெயராம்.

நாலு ஹீரோக்கள்

உள்காயலில் பலவகை மீன்கள் இருந்தாலும், லூர் வீசுகிறவர்களின் கனவில் வருவது முக்கியமாக நான்கு பேர்.

முதல் ஆள், ஸ்னூக். வெள்ளி நிற உடம்பு, பக்கவாட்டில் பேனாவால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக்கோடு. அலையாத்தி வேர்களுக்குள் ஒளிந்திருந்து, கடந்துபோகும் மீன்குஞ்சைப் பாய்ந்து பிடிக்கும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. சாதாரண நரம்பாக இருந்தால் ஒரே அறு! நம்ம ஊர் கொடுவாவைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். வாழும் இடம், வேட்டையாடும் விதம் எல்லாமே அப்படியே இருக்கும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுபவை.

இரண்டாவது, ரெட்ஃபிஷ். செம்பு நிறம், வாலருகே கறுப்புப் பொட்டு. இது நம்ம கத்தாளை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் தலையைக் கீழே குத்தி, சேற்றில் நண்டு தேடும். அப்போ வால் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஆடும். அந்த வாலைப் பார்த்ததும் படகில் இருப்பவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, புள்ளிகள் நிறைந்த சீ டிரவுட். பெயர்தான் டிரவுட், உண்மையில் இதுவும் கத்தாளை வகையறாதான். கடற்புல் தரைதான் இதன் வீடு. வாய்ச்சதை ரொம்ப மென்மை. வீரம் காட்டி இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

நான்காவது, டார்ப்பன். 45 கிலோவைத் தாண்டும் மீன்கள் இங்கே சாதாரணம். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி மாதிரி செதில்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். முள் மாட்டினால் ஆளுயரத்துக்குத் துள்ளும். அப்போ கம்பை உயர்த்தி இழுக்கக் கூடாது. மீன் துள்ளும்போது நாம் குனிந்து, கம்பை மீனை நோக்கி நீட்டி, நரம்பைத் தளர்த்திக் கொடுக்கணும். 'ராஜாவுக்கு வணக்கம் வைக்கிறது' என்று அதைச் சொல்வார்கள்.

பொய்னு தெரியாதா மீனுக்கு?

தெரியும். ஆனால், கொஞ்சம் தாமதமாகத் தெரியும். அந்தத் தாமதத்தில்தான் லூர் பிழைக்கிறது.

மீனின் உடம்பில் இருபுறமும் ஓர் உணர்வுக்கோடு ஓடுகிறது. தண்ணீரின் மெல்லிய அதிர்வைக்கூட அது பிடித்துவிடும். அடிபட்ட மீன்குஞ்சு துடித்தால் ஓர் அதிர்வு, பயந்த இறால் பின்பக்கமாக உதைத்துக்கொண்டு ஓடினால் இன்னோர் அதிர்வு. கலங்கிய தண்ணீரில் மீன் முதலில் 'கேட்பது' இதைத்தான். பிறகு கண் வேலை செய்யும். ஏதோ மின்னுகிறது, தப்பித்து ஓடுகிறது என்று தெரிந்ததும் யோசிக்க நேரம் இல்லை. ஒரு வினாடி தாமதித்தால் பக்கத்து மீன் தின்றுவிடும்!

இன்னொரு விஷயம். மீனுக்குக் கை கிடையாது. ஒரு பொருள் என்னவென்று சோதிக்க அதனிடம் இருப்பது வாய் மட்டும்தான். வாயில் போட்ட பிறகுதான் 'அட, பிளாஸ்டிக்!' என்று துப்பும். வாங்குவதற்கும் துப்புவதற்கும் நடுவே இருக்கும் அந்த நொடியில் கை உணர்ந்து, முள்ளைப் பதிக்க வேண்டும். லூர் ஃபிஷிங்கின் மொத்த த்ரில்லும் அந்த நொடிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கு?

கடைக்குப் போனால் ஆயிரம் கலரில் லூர் தொங்கும். அடிப்படையில் ஐந்து வகை தெரிந்தால் போதும்.

* ஜிக் தலையும் ரப்பர் மீனும்: ஈயக் குண்டோடு சேர்ந்த முள்ளில் மென்மையான பிளாஸ்டிக் மீனைக் கோப்பார்கள். வால் துடுப்பு போல ஆடும். உள்காயலுக்கு 3.5 முதல் 7 கிராம் வரையிலான எடையே போதும். எல்லா மீனும் எடுக்கும். புதுசா கத்துக்கிறவங்க இதிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

* ரப்பர் இறால்: இதை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுக்கணும். அவசரக்காரர்களுக்கு மீன் கிடைக்காது.

* தங்க நிற ஸ்பூன்: கரண்டி மாதிரி வளைந்த தகடு. முள் புல்லில் மாட்டாமலிருக்க ஒரு கம்பி காவல் இருக்கும். தள்ளாடித் தள்ளாடி மின்னிக்கொண்டு வரும். ரெட்ஃபிஷ்ஷின் பலவீனம் இது.

* மேல்மட்ட லூர்: தண்ணீரின் மேலேயே மிதந்து, கம்பின் நுனியைச் சொடுக்கச் சொடுக்க இடமும் வலமுமாக நடந்துவரும். விடியற்காலையில், காற்று அசையாத நேரத்தில் வீசினால் மீன் மேலே வந்து அடிக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். பயந்துபோய் உடனே இழுத்தால் போச்சு. கனம் கையில் தெரிந்த பிறகுதான் இழுக்கணும்.

* சத்தம் போடும் தக்கை: தக்கைக்குக் கீழே ரப்பர் இறாலைத் தொங்கவிட்டு, கம்பைச் சொடுக்கினால் 'ப்ளப்' என்று சத்தம் வரும். டிரவுட் இரை தின்னும் சத்தம்போல அது இருக்கும். 'யாரோ சாப்பிடுறாங்க' என்று மற்ற டிரவுட்கள் விசாரிக்க வரும். பந்திக்கு முந்தும் புத்தி மீனுக்கும் உண்டு!

கருவிகளும் எளிமையானவைதான். 7 அடி ராட், 2500 முதல் 4000 வரை சைஸ் உள்ள ஸ்பின்னிங் ரீல், மெல்லிய பின்னல் நரம்பு. அதன் நுனியில் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பு இரண்டு, மூன்று அடி. ஸ்னூக்கின் பிளேடுக்குத் தாக்குப்பிடிப்பது இந்தத் துண்டுதான். பெரிய டார்ப்பனுக்கு மட்டும் இதெல்லாம் பத்தாது; ராட், ரீல், நரம்பு எல்லாமே இன்னும் கனமாக வேண்டும்.

முதலில் தண்ணியைப் படிக்கணும்

விலை உயர்ந்த லூர் வைத்திருப்பவருக்கு மீன் கிடைக்காமல் போகும். பழைய ஜிக் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் வரிசையாகப் பிடிப்பார். காரணம் தண்ணீரை வாசிக்கும் பழக்கம்.

ஓடும் தண்ணீர்தான் முதல் பாடம். கடல் ஏறும்போது மீன்கள் புல் தரைக்கும் அலையாத்தி வேர்களுக்குள்ளும் மேயப் போகும். வற்றும்போது குட்டி மீனும் இறாலும் நண்டும் ஓடை வழியாக வெளியேறும். ஓடை வாயில் ஸ்னூக், நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்துக் காத்திருக்கும். லூர் நீரோட்டத்தோடு சேர்ந்து இறங்கிவர வேண்டும். எதிர்த்திசையிலிருந்து வந்தால் சந்தேகம் வந்துவிடும். இரை என்றைக்காவது வேட்டைக்காரனைத் தேடி வருமா?

அடுத்தது காற்று. வளைகுடாவின் வடகிழக்கு மூலையில் ஏற்றமும் வற்றமும் அவ்வளவாகத் தெரியாது. அங்கே தண்ணீரை நகர்த்துவது காற்றுதான். குளிர்காலத்தில் வடக்குக் காற்று இரண்டு நாள் அடித்தால், நேற்று படகு போன இடத்தில் இன்று சேறு தெரியும்.

பிறகு பறவைகளும் மடவை மீன்களும். நம்ம ஊர் முகத்துவாரங்களில் துள்ளும் அதே மடவை இனம்தான் அங்கேயும் துள்ளுகிறது. மடவைக் கூட்டம் அமைதியாகத் துள்ளினால் விசேஷம் இல்லை. திடீரென்று மொத்தக் கூட்டமும் சிதறினால், கீழே யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். காற்றே இல்லாத இடத்தில் ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர் மட்டும் சிலுசிலுக்கும். அடியில் மீன்கூட்டம் நகர்கிறது.

இதையெல்லாம் பார்க்க, கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வெட்டும் போலராய்டு கண்ணாடி அவசியம். கூடவே அமைதியும் வேணும். முழங்கால் ஆழத்தில் மோட்டார் ஓட்டினால் மீன் எல்லாம் அடுத்த ஊருக்குப் போயிடும். அதனால் தட்டையான சின்னப் படகில், பின்பக்க மேடையில் கைடு ஏறி நின்று, 20 அடி நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார். முன்பக்கம் நிற்பவருக்கு அவர் சொல்லும் மொழியே தனி. படகின் மூக்கு 12 மணி. '11 மணி, 40 அடி' என்றால், கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி 40 அடி தூரத்தில் வீசணும். மீனின் தலையில் விழக் கூடாது. அது போகும் வழியில், ஓரிரண்டு அடி முன்னால் விழணும்.

விடவும் தெரியணும்

பிடித்த மீனை விடுவது சும்மா பெருந்தன்மை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ரெட்ஃபிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் 18 முதல் 27 அங்குலம் வரை நீளமுள்ள மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சின்னதை விடச் சொல்வது புரிகிறது. பெரியதை ஏன் விடணும்? குட்டி ரெட்ஃபிஷ்கள் முதல் சில வருஷம் காயலில் வளரும். வளர்ந்த பிறகு கடலுக்குப் போய் இனப்பெருக்கம் செய்யும். நாற்பது வயது வரைகூட வாழும். அந்தப் பெரிய மீன்தான் அடுத்த தலைமுறையின் முதலீடு. நடுத்தர சைஸ் என்பது வட்டி. வட்டியைச் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது.

ஸ்னூக்குக்கு இது இன்னும் முக்கியம். பெரிய ஸ்னூக் எல்லாம் பெரும்பாலும் பெண்கள் என்பதால், மேற்குக் கரைப் பக்கம் 28 முதல் 33 அங்குலம் வரை உள்ளதை மட்டும், அதுவும் அனுமதி உள்ள மாதங்களில், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று எடுக்கலாம். டார்ப்பனை 2013 முதல் கட்டாயம் விட்டுவிட வேண்டும். சாதனை முயற்சிக்காகத் தனி அனுமதிச்சீட்டு வாங்கியவருக்கு மட்டுமே விலக்கு. 40 அங்குலத்தைத் தாண்டிய டார்ப்பனை போட்டோவுக்காகக்கூடத் தண்ணீரிலிருந்து தூக்கக் கூடாது.

விடுவதற்கும் முறை உண்டு. கையை நனைத்த பிறகே மீனைத் தொடணும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழவழப்பான பாதுகாப்புப் படலம் போய்விடும். வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வயிற்றுக்கும் கை கொடுத்துப் படுக்கைவசமாகப் பிடிக்கணும். முள்ளின் உள்பக்கம் இருக்கும் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவைத்தால் கழற்றுவது சுலபம். ரொம்ப நேரம் போராடவிட்டு மீனைச் சோர்வாக்குவதும் பாவம்தான். சோர்ந்த மீன், விட்டதும் சுறாவின் வாய்க்குப் போய்விடும்.

ஒரு வறுவல் எழுதிய சட்டம்

இந்த விதிகள் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சமையல் கலைஞர் பால் புரூடோம், ரெட்ஃபிஷ்ஷில் மசாலா தடவி, கனமான இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுத்துப் பரிமாறினார். நாடு முழுக்க செம ஹிட்! எல்லா ஊர் ஹோட்டலும் ரெட்ஃபிஷ் கேட்டது. மெக்சிகோ வளைகுடாவில் பெரிய வலைகள் இறங்கின. இனப்பெருக்கம் செய்யும் பெரிய மீன்களே கூட்டம் கூட்டமாக அள்ளப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃப்ளோரிடா, ரெட்ஃபிஷ் பிடிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, தன் கடலில் பிடித்ததை விற்கவும் தடை போட்டது. ஸ்னூக்குக்கோ அந்த விற்பனைத் தடை 1957-லேயே வந்துவிட்டது.

எவர்கிளேட்ஸ் பூங்காவுக்குள் வணிகரீதியான மீன்பிடிப்பு 1985-ம் ஆண்டோடு முடிந்தது. 1994 நவம்பரில் ஃப்ளோரிடா மக்கள் வாக்களித்து, மாநிலக் கடற்பகுதியில் செவுள் வலைகளைத் தடை செய்தார்கள். 1995 ஜூலையில் அது அமலுக்கு வந்தது.

மீன்கள் பெருகின. ஆனால், இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. கோர்டெஸ் போன்ற பழைய மீனவ கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக மடவைக்கு வலை போட்டவர்களுக்குத் தொழில் போனது. 'நாங்க பிடிச்சா குத்தம், நீங்க விளையாட்டுக்குப் பிடிச்சா சரியா?' என்ற கேள்வி அங்கே இன்னும் ஆறாத காயம். கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். விளையாட்டாகத் தூண்டில் போடுகிறவர்கள் அந்தத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இங்கேதான் தொடங்குகிறது.

கடலுக்கே உப்பு அதிகமானால்..?

வலைகள் போன பிறகும் வளைகுடா நோயாளியாகத்தான் இருக்கிறது. காரணம், நல்ல தண்ணீர்.

ஒகிசோபி ஏரியிலிருந்து புல்வெளிகள் வழியாக மெதுவாக நகர்ந்து வந்து வளைகுடாவில் கலந்த நன்னீர்தான் அதன் உயிர். 1928-ல் டாம்பாவையும் மயாமியையும் இணைத்த டாமியாமி டிரெயில் சாலை, குறுக்கே அணை மாதிரி உட்கார்ந்தது. வெள்ளத்தைத் தடுக்க வெட்டிய கால்வாய்கள், தெற்கே போகவேண்டிய தண்ணீரைக் கிழக்கிலும் மேற்கிலும் கடலுக்குத் திருப்பிவிட்டன.

நன்னீர் வராமல், வெயில் மட்டும் காய்ந்தால் என்ன ஆகும்? இடுப்பளவுக் கடல் உப்பளமாகும். சாதாரணக் கடல்நீரில் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. 2015 வறட்சியில் வளைகுடாவின் சில இடங்களில் அது 60-ஐத் தாண்டியது. சூடான, உப்பான தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது. சேற்றிலிருந்து கிளம்பிய நச்சு சல்பைடு, கடற்புல்லை வேரோடு கொன்றது. சுமார் 40,000 ஏக்கர் பாதிக்கப்பட்டது. 1987-லும் இப்படி ஒரு பெரும் சாவு நடந்திருக்கிறது. புல் போனால் இறால் போகும்; இறால் போனால் டிரவுட் போகும்; நண்டு போனால் ரெட்ஃபிஷ் போகும்.

இதைக் கண்ணெதிரே பார்ப்பது யார்? தினமும் கழி ஊன்றித் தண்ணீரை வாசிப்பவர்கள்தான். போன மாதம் பச்சையாக இருந்த தரை இன்று வெறும் சேறு என்பது, முழங்கால் ஆழத்தில் வால் தேடும் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். 2016-ல் ஃப்ளோரிடாவின் கைடுகள் சிலர் சேர்ந்து 'கேப்டன்ஸ் ஃபார் க்ளீன் வாட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கி, தெற்கே தண்ணீர் விடச் சொல்லிக் குரல் கொடுக்கிறார்கள். எவர்கிளேட்ஸ் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. டாமியாமி சாலையில் 2013-ல் ஒரு மைல் தூரமும், 2019-ல் மேலும் இரண்டரை மைல் தூரமும் பாலமாக உயர்த்தப்பட்டன. அடியில் தண்ணீர் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறது. முழுமையாக வந்துசேர இன்னும் நாள் ஆகும்.

சில நேரம் இயற்கையும் சேர்ந்து அடிக்கும். 2010 ஜனவரியில் வந்த கடும் குளிரில் ஸ்னூக்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. மேற்குக் கரையில் ஸ்னூக்கை வீட்டுக்கு எடுத்துச்செல்ல 2013 வரை அனுமதியே தரவில்லை. மீன் திரும்பி வந்தது. காத்திருந்தால் வரும் என்பதற்கு அது சாட்சி.

நம்ம ஊரில் ஆசை வந்தால்?

பிச்சாவரத்தின் சுரபுன்னை வேர்களுக்குள்ளும், முகத்துவாரங்களிலும் ஸ்னூக்கின் சொந்தக்காரர் கொடுவா இருக்கிறார். ஃப்ளோரிடாவில் சொன்ன அதே பாடம் இங்கேயும் பொருந்தும். ஓடும் தண்ணீர், ஓடை வாய், வேரின் நிழல். ஒரு ஸ்பின்னிங் ராட், நாலு ஜிக், சில ரப்பர் மீன்கள் போதும். ஆனால், வீசுவதற்கு முன் மூன்று விஷயம். காப்புக்காடும் பறவைகள் சரணாலயமும் இருக்கும் இடங்களில் அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது. மீனவர் வலை கட்டியிருக்கும் ஓடையில் லூர் வீசக் கூடாது. அது அவருடைய சோறு. அறுந்த நரம்பையும் ரப்பரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வரணும்.

முதல் நாள் மீன் கிடைக்காது. இரண்டாவது நாளும் சந்தேகம்தான். ஆனால் ஏற்றம் எப்போ, வற்றம் எப்போ, எந்த ஓடையில் மடவை துள்ளுது என்று நாலு வாரம் தொடர்ந்து பார்த்தால், அந்தக் காயலைப் பத்தி உங்களுக்கு நிறைய தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அங்கே ஒரு ஆலைக் கழிவு கலந்தாலோ, முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டாலோ, 'ஏதோ மாறியிருக்கே' என்று முதலில் சொல்கிறவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். பிடிச்ச மீனை விட்டுட்டா என்ன லாபம்னு வீட்டில் கேட்டால், இதைச் சொல்லுங்க. கூடவே, சொந்தக் காயல் நல்லா இருந்தா, அடுத்த வாரம் அதே மீன் கொஞ்சம் பெருசா கிடைக்கும்னும் சொல்லிவைங்க!